பிறர் சேமிப்பும் இடரின் அளவும்: பிரிட்டனில் நிதி, முதலீட்டியல் முதுநிலைக் கல்வி

ஆய்வுச் சுருக்கம்

பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் நிதி, முதலீட்டியல் முதுநிலைப் பட்டம் பெரும்பாலும் ஓராண்டுப் படிப்பாக அமைந்துள்ளது. அதன் பாடங்கள் பல பெயர்களில் வழங்கினாலும், பிறருடைய சேமிப்பை எந்த அடிப்படையில் இடருக்கு உட்படுத்தலாம் என்னும் ஒரே வினாவுக்கே அவை விடை தேடுகின்றன. ஒவ்வொரு விடையும் சில எடுகோள்களின்மேல் நிற்கிறது. அவ்வெடுகோள்கள் பொய்க்கும் இடத்தில் சூத்திரமும் பொய்க்கிறது. இப்பட்டத்தின் முதன்மைப் பாடங்களையும் அவற்றின் எடுகோள்களையும் எளிய கணக்குகளின் வழியாகவும், 1998, 2022 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த நெருக்கடிகளின் வழியாகவும் இக்கட்டுரை விளக்குகிறது. சூத்திரத்தோடு அது செல்லுபடியாகும் எல்லையையும் கற்பதே இக்கல்வியின் பயன் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: நிதியியல், முதலீட்டுத் தொகுப்பு, இடர், எடுகோள், ஓய்வூதிய நிதியம், முதுநிலைக் கல்வி

1. முன்னுரை

பிறர் சேமிப்பைக் கணக்கிட்டு முதலீடு செய்யும் பழக்கம், நிதியியல் ஒரு பல்கலைக்கழகப் பாடமாக உருப்பெறுவதற்கு இரு நூற்றாண்டுகள் முற்பட்டது. 1740களில் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் போதகர்களான ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் ஆகிய இருவரும், இறந்துபோகும் போதகர்களின் மனைவி மக்களுக்கு உதவ ஒரு நிதியம் அமைக்க முற்பட்டனர். ஆண்டுதோறும் எத்தனை போதகர் இறப்பர், எத்தனை கைம்பெண்கள் எஞ்சுவர், அவர்கள் எத்தனை ஆண்டுகள் வாழ்வர் என்பனவற்றை அவர்கள் கணக்கிட்டனர். கணித அறிஞர் காலின் மெக்லாரின் அக்கணக்கைச் சரிபார்த்தார். போதகர்கள் செலுத்தும் தொகையை முதலீடு செய்து, அதன் வருவாயிலிருந்து குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்குவதே அத்திட்டம்.

1868ஆம் ஆண்டு இலண்டனில் ‘ஃபாரின் அண்டு கொலோனியல்’ என்னும் முதலீட்டு நிறுவனம் தோன்றியது. சிறு சேமிப்பாளர் ஒருவரால் பல நாட்டு அரசுகளின் கடன் பத்திரங்களைத் தனித்தனியே வாங்க இயலாது. பலருடைய பணத்தைத் திரட்டி வாங்கினால், பெருஞ்செல்வர்க்கு வாய்த்திருந்த பரவலாக்கத்தின் பயன் சிறு சேமிப்பாளர்க்கும் கிட்டும் என்பதே அந்நிறுவனத்தின் அடிப்படை.

இவ்விரு முயற்சிகளிலும் பணம் ஒருவருடையது. முடிவு எடுப்பவர் மற்றொருவர். முடிவு பிழைத்தால் இழப்பு பணத்துக்கு உரியவரையே சேர்கிறது. இன்று பிரிட்டனில் நிதி, முதலீட்டியல் முதுநிலைப் பட்டம் பெறுவோர் பணியாற்றச் செல்லும் ஓய்வூதிய நிதியங்கள், காப்பீட்டு நிறுவனங்கள், பரஸ்பர நிதி நிறுவனங்கள் ஆகியவற்றிலும் இதே நிலை தொடர்கிறது. ஆகவே, இப்பட்டத்தில் எவை கற்பிக்கப்படுகின்றன, அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்னும் வினா மாணவர்களின் வேலைவாய்ப்போடு முடிவதன்று. சேமிப்பவர் அனைவரையும் தொடுவதாகும்.

2. பட்டத்தின் கட்டமைப்பு

பிரிட்டனில் கற்பித்தல்வழி முதுநிலைப் பட்டம் பொதுவாக 180 கிரெடிட்டுகள் கொண்டது. ஒரு கிரெடிட் என்பது 10 மணி நேரக் கற்றல் உழைப்பைக் குறிக்கும். எனவே முழுப் பட்டத்துக்கும் 1,800 மணி நேர உழைப்பு எதிர்பார்க்கப்படுகிறது. இதில் 120 கிரெடிட்டுகள் இரு பருவங்களில் கற்பிக்கப்படும் பாடங்களுக்கும், 60 கிரெடிட்டுகள் கோடையில் எழுதப்படும் ஆய்வேட்டுக்கும் ஒதுக்கப்படுவது பரவலான முறை. இந்த 1,800 மணியில் வகுப்பறையில் கழிவது சிறு பகுதியே. எஞ்சிய காலம் நூலகத்திலும் கணினியிலும் மாணவர் தாமே கற்பதற்குரியது.

மதிப்பெண் முறையும் இந்திய மாணவர்களுக்குப் புதியது. 50 மதிப்பெண் தேர்ச்சியாகவும், 60 மெரிட் என்னும் உயர்தகுதியாகவும், 70 டிஸ்டிங்ஷன் என்னும் சிறப்புத் தகுதியாகவும் கொள்ளப்படுகின்றன. 65 மதிப்பெண் பெற்ற மாணவர் பின்தங்கிவிட்டதாகக் கருத வேண்டியதில்லை. சூத்திரத்தைப் பிழையின்றி எழுதி விடை கண்டால் தேர்ச்சி கிட்டும். அவ்விடை எந்நிலையில் பொருந்தாது என்பதைச் சான்றுடன் வாதிடுவோர்க்கே உயர் மதிப்பெண் உரியது. இக்கட்டுரை வலியுறுத்தும் கருத்தும் இம்மதிப்பீட்டு முறையில் அடங்கியிருக்கிறது.

பாடங்களின் பெயர்கள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடினும், நிறுவன நிதி, முதலீட்டுத் தொகுப்புக் கோட்பாடு, சொத்து விலையியல், டெரிவேட்டிவ் ஒப்பந்தங்கள், பொருளாதார அளவையியல் ஆகியவை ஏறத்தாழ எங்கும் இடம்பெறுகின்றன.

3. காலமும் மதிப்பும்

இன்று கையில் உள்ள 1,000 பவுண்டும் பத்தாண்டு கழித்து வரவிருக்கும் 1,000 பவுண்டும் ஒன்றல்ல. ஆண்டுக்கு 5 விழுக்காடு என்னும் கழிவு விகிதத்தில், பத்தாண்டு கழித்து வரும் 1,000 பவுண்டின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 614 பவுண்டு. விகிதம் 8 விழுக்காடாக உயர்ந்தால் அம்மதிப்பு 463 பவுண்டாகக் குறைகிறது. எதிர்காலத்தில் கிடைக்கும் தொகைகளை இவ்வாறு இன்றைய மதிப்புக்கு மாற்றிக் கூட்டுவதே பங்கு, கடன் பத்திரம், தொழிற்சாலை, ஓய்வூதியக் கடப்பாடு ஆகிய அனைத்தையும் மதிப்பிடும் பொதுமுறை.

முறை எளிது, ஆனால் அதன் விடை சிறு மாற்றத்துக்கும் பெரிதும் அசையக்கூடியது. அடுத்த ஆண்டு 5 பவுண்டு பங்காதாயம் தரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பங்காதாயம் ஆண்டுதோறும் 3 விழுக்காடு என்றென்றும் வளரும் எனவும், கழிவு விகிதம் 8 விழுக்காடு எனவும் கொண்டால், 5ஐ 0.05ஆல் வகுக்க, பங்கின் மதிப்பு 100 பவுண்டு. வளர்ச்சி 4 விழுக்காடு என்று கொண்டால் மதிப்பு 125 பவுண்டு; 5 விழுக்காடு என்று கொண்டால் ஏறத்தாழ 167 பவுண்டு. அடுத்த ஆண்டின் வளர்ச்சியையே உறுதியாகக் கூற இயலாத நிலையில், என்றென்றைக்குமான வளர்ச்சியில் இரு விழுக்காட்டுப் புள்ளி மாற்றம் மதிப்பை மூன்றில் இரு பங்கு உயர்த்திவிடுகிறது. எனவே மதிப்பீட்டு அறிக்கையைப் படிப்பவர் விடையைக் காட்டிலும், விடைக்குள் இடப்பட்ட எண்களையே முதலில் நோக்க வேண்டும்.

எடுகோளை நோக்கும் இப்பயிற்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, ஃபிராங்கோ மொடிக்லியானி, மெர்ட்டன் மில்லர் இருவரும் 1958இல் வெளியிட்ட தேற்றம். நிறுவனம் கடன் பெற்று இயங்கினாலும் பங்கு முதலால் இயங்கினாலும் அதன் மொத்த மதிப்பு மாறாது என்பது அத்தேற்றத்தின் சாரம். வரி இல்லை, நொடிப்புச் செலவு இல்லை, அனைவரும் ஒரே தகவலைப் பெற்றுள்ளனர் என்பன அதன் எடுகோள்கள். நடைமுறை உலகில் இவற்றுள் எதுவும் முழுமையாக இல்லை. அதனால் தேற்றம் பயனற்றதாகிவிடவில்லை. கடன் ஒரு நிறுவனத்தின் மதிப்பை மாற்றுகிறது எனில், அதற்கான காரணத்தை வரியிலோ, நொடிப்பிலோ, தகவல் ஏற்றத்தாழ்விலோ தேட வேண்டும் என்று அது வழிகாட்டுகிறது. எடுகோள் முறியும் இடமே ஆய்வு தொடங்கும் இடமாகிறது.

4. பரவலாக்கமும் அதன் எல்லையும்

ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை முதலீட்டியலின் தோற்றுவாயாகக் கருதப்படுகிறது. ஒரு பங்கின் இடரைத் தனித்து நோக்குதல் போதாது. தொகுப்பிலுள்ள பிற பங்குகளோடு அது எவ்வாறு ஒன்றி அசைகிறது என்பதே தொகுப்பின் இடரைத் தீர்மானிக்கிறது என்று அவர் நிறுவினார்.

இரு பங்குகள் ஒவ்வொன்றின் திட்ட விலக்கமும் 20 விழுக்காடு எனவும், பணம் இரண்டிலும் சரிபாதி இடப்பட்டதாகவும் கொள்ளலாம். அவற்றின் ஒட்டுறவுக் கெழு 1 எனில் தொகுப்பின் திட்ட விலக்கமும் 20 விழுக்காடே, பரவலாக்கத்தால் பயனில்லை. கெழு 0 எனில் அது 14.1 விழுக்காடாகக் குறைகிறது. வருவாயை இழக்காமலே இடர் குறைகிறது. 1868இல் இலண்டன் முதலீட்டு நிறுவனம் அனுபவத்தால் கண்டதை மார்க்கோவிட்ஸ் கணிதத்தால் காட்டினார்.

இதன்மேல் வில்லியம் ஷார்ப் 1964இல் மூலதனச் சொத்து விலை மாதிரியைக் கட்டினார். பரவலாக்கத்தால் நீக்கக்கூடிய இடரைச் சுமப்பவர்க்குச் சந்தை கூடுதல் வருவாய் எதையும் தராது. சந்தை முழுவதும் அசையும்போது உடன் அசையும் பகுதிக்கே கூடுதல் வருவாய் உண்டு. அப்பகுதியின் அளவு பீட்டா எனப்படுகிறது. இடரற்ற வட்டி 3 விழுக்காடு, சந்தையின் எதிர்பார்ப்பு வருவாய் 8 விழுக்காடு, ஒரு பங்கின் பீட்டா 1.2 எனில், அப்பங்கிலிருந்து எதிர்பார்க்கத்தக்க வருவாய் 9 விழுக்காடு.

இங்கும் எல்லை உண்டு. ஒட்டுறவுக் கெழு கடந்தகாலத் தரவுகளிலிருந்து கணிக்கப்படுவது. நெருக்கடிக் காலத்தில் அனைவரும் ஒரே நேரத்தில் விற்க முற்படுவதால், தொடர்பற்றனவாகத் தோன்றிய சொத்துகளும் ஒன்றாக வீழ்கின்றன. மேற்கண்ட கணக்கில் கெழு 0.9 ஆக உயர்ந்தால் திட்ட விலக்கம் 14.1இலிருந்து 19.5 விழுக்காடாகிவிடுகிறது. பரவலாக்கத்தின் பாதுகாப்பு மிகத் தேவைப்படும் நாளிலேயே அது மெலிகிறது.

5. சந்தை விலையை நம்புதல்

பங்கின் விலையில் கிடைக்கத்தக்க தகவல் அனைத்தும் முன்னரே அடங்கிவிடுகிறது என்பது திறன்மிகு சந்தைக் கருத்து. யூஜின் ஃபாமா 1970இல் இதனை ஒழுங்குபடுத்தி முன்வைத்தார். பங்காதாயங்களின் ஏற்றத்தாழ்வைக் காட்டிலும் பங்கு விலைகளின் ஏற்றத்தாழ்வு மிகுதியாக உள்ளது என்று ராபர்ட் ஷில்லர் 1981இல் காட்டினார். மனிதர் இழப்பையும் ஆதாயத்தையும் சமமாக எடைபோடுவதில்லை என்பதை டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979இல் விளக்கியிருந்தனர். 2013இல் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசு ஃபாமா, ஷில்லர் இருவருக்கும், லார்ஸ் பீட்டர் ஹான்சனுக்குமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது. எதிரெதிரான முடிவுகளுக்கு வந்த இருவர் ஒரே ஆண்டில் ஒரே பரிசைப் பெற்றமை, இத்துறையின் வினாக்கள் இன்னும் திறந்தே உள்ளன என்பதை உணர்த்துகிறது.

இவ்விவாதம் சேமிப்பாளரை நேரடியாகத் தொடுவது கட்டணத்தின் வழியாகும். சந்தையை வெல்வது அரிது எனில், வெல்வதாகக் கூறிப் பெறப்படும் கட்டணத்துக்கு நியாயம் கூற வேண்டியுள்ளது. ஒருவர் 25 வயதில் 10,000 பவுண்டு முதலீடு செய்து 40 ஆண்டுகள் விட்டுவைப்பதாகக் கொள்ளலாம். ஆண்டுக்கு 5 விழுக்காடு வளர்ந்தால் அது ஏறத்தாழ 70,400 பவுண்டு ஆகும். ஆண்டுக் கட்டணமாக ஒரு விழுக்காட்டுப் புள்ளி கழிந்து 4 விழுக்காடே வளர்ந்தால் 48,000 பவுண்டு ஆகும். ஒரு விழுக்காடு எனச் சிறிதாகத் தோன்றும் கட்டணம், இறுதித் தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுகிறது. கூட்டுவட்டி சேமிப்பவர்க்கு மட்டுமன்றிச் செலவுக்கும் உழைக்கிறது என்பதை மாணவர் இக்கணக்கால் அறிகின்றனர்.

6. ஒப்பந்தங்களின் விலையும் 1998இன் படிப்பினையும்

ஆப்ஷன் என்பது, குறித்த விலையில் ஒரு பங்கை வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம். அதன் விலையை நிறுவுதல் நெடுங்காலம் தீராச் சிக்கலாக இருந்தது. ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் இருவரும், தனியே ராபர்ட் மெர்ட்டனும் 1973இல் விடை கண்டனர். அதன் உட்கருத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம்.

இன்று 100 பவுண்டுக்கு விற்கும் ஒரு பங்கு, நாளை 120 அல்லது 90 ஆகும் எனக் கொள்ளலாம், வட்டி இல்லை. அப்பங்கை நாளை 105 பவுண்டுக்கு வாங்கும் உரிமையின் விலை என்ன? பங்கு 120 ஆனால் உரிமையின் மதிப்பு 15. 90 ஆனால் அது பயனற்றது. ஒருவர் ஓர் உரிமையை விற்று, அரைப் பங்கை 50 பவுண்டுக்கு வாங்குகிறார். பங்கு உயர்ந்தால் அரைப் பங்கின் மதிப்பு 60, அதில் 15 கொடுக்க வேண்டும், எஞ்சுவது 45. பங்கு வீழ்ந்தால் அரைப் பங்கின் மதிப்பு 45, கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை, எஞ்சுவது 45. எவ்வகையிலும் 45 உறுதி. ஆகவே 50 பவுண்டில் 5 பவுண்டை உரிமையின் விலை ஈடுசெய்தாக வேண்டும். உரிமையின் விலை 5 பவுண்டு. பங்கு உயரும் வாய்ப்பு எவ்வளவு என்பதைக் கேட்காமலே விடை கிடைத்துவிடுகிறது.

இவ்விடை அழகியதெனினும், பங்கை எந்நேரமும் எவ்வளவும் வாங்கவும் விற்கவும் முடியும் என்னும் எடுகோளின்மேல் நிற்கிறது. எதிர்த்தரப்பில் வாங்குபவர் இல்லாத நாளில் அது நிலைகுலையும். மெர்ட்டனும் ஷோல்ஸும் 1997இல் நோபல் நினைவுப் பரிசு பெற்றனர். அவ்விருவரும் பங்குதாரர்களாக இருந்த, 1994இல் செயற்படத் தொடங்கிய ‘லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மெண்ட்’ என்னும் முதலீட்டு நிறுவனம், மறு ஆண்டே வீழ்ச்சியின் விளிம்புக்கு வந்தது. 1998 ஆகஸ்டில் ரஷ்யா தன் உள்நாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறியதும், உலகெங்கும் முதலீட்டாளர்கள் பாதுகாப்பான சொத்துகளை நாடினர். விலை வேறுபாடுகள் குறுகும் என எதிர்பார்த்துப் பெருங்கடன் பெற்றிருந்த அந்நிறுவனத்துக்கு எதிராக அவ்வேறுபாடுகள் மேலும் விரிந்தன. செப்டம்பரில், நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைப்பில், 14 நிதி நிறுவனங்கள் ஏறத்தாழ 360 கோடி டாலர் இட்டு அதனைத் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. விலை வேறுபாடு ஒரு நாள் குறுகும் என்னும் கணிப்பு சரியாக இருப்பினும், அந்த நாள்வரை கடன் கொடுத்தவர் காத்திருக்க வேண்டும் என்பதே இந்நிகழ்வின் படிப்பினை.

7. தரவும் ஆய்வேடும்

கோட்பாடுகளைத் தரவுகளால் சோதிக்கும் முறையைப் பொருளாதார அளவையியல் கற்பிக்கிறது. மாணவர் பலர் இப்பாடத்தையே கடினமானதாக உணர்கின்றனர். எனினும் தன்னடக்கத்தைக் கற்பிக்கும் பாடமும் இதுவே. ஒரு பங்குச் சந்தையின் ஆண்டு வருவாயின் திட்ட விலக்கம் 20 விழுக்காடு எனவும், 25 ஆண்டுகளின் சராசரி வருவாய் 7 விழுக்காடு எனவும் கொள்ளலாம். ஆண்டுகள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை எனில், அச்சராசரியின் திட்டப்பிழை 20ஐ 25இன் வர்க்கமூலமாகிய 5ஆல் வகுக்கக் கிடைக்கும் 4 விழுக்காட்டுப் புள்ளி. அதாவது, உண்மைச் சராசரிக்கான 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி ஏறத்தாழ –1 முதல் 15 வரை விரிகிறது. இவ்விடைவெளியைப் பாதியாகக் குறைக்க நூறாண்டுத் தரவு வேண்டும். ஒரு முதலீட்டு மேலாளரின் ஐந்தாண்டு வெற்றியை முன்வைத்து அவர்தம் திறமையை அறுதியிடுவது எவ்வளவு அவசரமானது என்பது இதனால் புலனாகும்.

கோடைக்காலத்தில் எழுதப்படும் ஆய்வேடு இப்பயிற்சியின் நிறைவு. இதில் மாணவர் பெரும்பாலும் இடறும் இடங்கள் மூன்று. முதலாவது, இன்று உயிரோடுள்ள நிறுவனங்களை மட்டும் தரவில் சேர்த்தல். நொடித்துப்போனவை விடுபடுவதால் கடந்தகால வருவாய் உண்மையைவிட உயர்ந்து தோன்றும். இரண்டாவது, அன்று எவர்க்கும் தெரிந்திராத தகவலை அன்றைய முடிவுக்குப் பயன்படுத்துதல். டிசம்பரில் முடியும் நிதியாண்டின் கணக்கு, பல மாதங்கள் கழித்தே வெளியாகிறது. அதனை ஜனவரியிலேயே அறிந்ததுபோலக் கணக்கிட்டால் பொய்யான ஆதாயம் தோன்றும். மூன்றாவது, பல உத்திகளைச் சோதித்து வென்றதை மட்டும் எழுதுதல். பயனற்ற 100 உத்திகளை 5 விழுக்காட்டு முக்கியத்துவ மட்டத்தில் சோதித்தால், தற்செயலாகவே சராசரியாக 5 உத்திகள் வெற்றி பெற்றனபோலத் தோன்றும். எதிர்பார்த்த முடிவு கிட்டவில்லை என்று நேர்மையாக எழுதப்பட்ட ஆய்வேடு, வடிகட்டப்பட்ட வெற்றியைக் காட்டும் ஆய்வேட்டைவிட மேலானது.

8. பாடங்கள் ஒன்றுகூடிய நாள்கள்: 2022 செப்டம்பர்

மேற்கூறிய பாடங்கள் அனைத்தும் ஒருங்கே சோதிக்கப்பட்ட நிகழ்வு பிரிட்டனிலேயே நிகழ்ந்தது. அந்நாட்டின் ஓய்வூதிய நிதியங்களில் ஒருவகை, உறுப்பினர்க்கு வரையறுத்த ஓய்வூதியத்தை வாழ்நாள் முழுதும் வழங்கக் கடப்பாடு உடையது. வட்டி குறைந்தால் அக்கடப்பாட்டின் இன்றைய மதிப்பு உயர்கிறது. அதனை ஈடுசெய்ய நிதியங்கள் நீண்டகால அரசுக் கடன் பத்திரங்களை வாங்கின. போதிய பணம் இல்லாதவை, தம்மிடமுள்ள பத்திரங்களையே ஈடாக வைத்துக் கடன் பெற்று, மேலும் பத்திரங்களை வாங்கின. இவ்வாறு பெற்ற பாதுகாப்பு, எஞ்சிய பணத்தைப் பங்கு முதலியவற்றில் இடுவதற்கு வழி தந்தது.

2022 செப்டம்பர் 23 அன்று அரசு பெரும் வரிக்குறைப்புகளை அறிவித்தது. அதற்கான நிதி ஆதாரம் விளக்கப்படாமையால் அரசுப் பத்திரங்களின் விலை வீழ்ந்தது. 30 ஆண்டுப் பத்திரங்களின் வருவாய் விகிதம் சில நாள்களில் ஒரு விழுக்காட்டுப் புள்ளிக்கு மேல் உயர்ந்தது. இதன் தாக்கத்தை மூன்றாம் பகுதியில் கண்ட கணக்கே காட்டும். இடையில் வட்டி ஏதும் தராமல் 30 ஆண்டு கழித்து 100 பவுண்டு தரும் பத்திரத்தின் இன்றைய மதிப்பு, 4 விழுக்காட்டு விகிதத்தில் 30.8 பவுண்டு, 5 விழுக்காட்டில் 23.1 பவுண்டு. நான்கில் ஒரு பங்கு மதிப்பு மறைந்துவிடுகிறது.

கடன் கொடுத்தவர்கள் கூடுதல் ஈடு கேட்டனர். அதற்கு வேண்டிய ரொக்கத்துக்காக நிதியங்கள் பத்திரங்களை விற்றன. அனைவரும் ஒரே நேரத்தில் விற்றதால் விலை மேலும் வீழ்ந்தது. வீழ்ந்ததால் மேலும் ஈடு கேட்கப்பட்டது. இச்சுழலை நிறுத்த இங்கிலாந்து வங்கி செப்டம்பர் 28 அன்று தலையிட்டு, அக்டோபர் 14 வரை 1,930 கோடி பவுண்டு மதிப்புள்ள பத்திரங்களை வாங்கியது.

இதில் கருதத்தக்க முரண் ஒன்று உண்டு. வட்டி உயர்ந்ததால் நிதியங்களின் கடப்பாடுகளின் இன்றைய மதிப்பும் குறைந்தது. நீண்டகால நோக்கில் பல நிதியங்களின் நிலை மேம்பட்டிருந்தது. மதிப்பளவில் வலுவடைந்த நிதியங்களே ரொக்கமின்றித் தடுமாறின. வட்டி இடருக்கு எதிராக மேற்கொண்ட பாதுகாப்பே ரொக்க இடராக உருமாறியது. மதிப்பிடும் சூத்திரத்தில் பிழை இல்லை. விற்க விரும்பும் நாளில் வாங்குபவர் இருப்பார் என்னும், எழுதப்படாத எடுகோளிலேயே பிழை இருந்தது. 1998இல் ஒரு தனியார் நிறுவனத்தில் முறிந்த எடுகோள், 2022இல் ஓய்வூதியர்களின் பணத்தில் முறிந்தது.

9. சொல்லும் பொருளும்

இக்கருத்துகளைத் தமிழில் சிந்திக்கும்போது சொற்கள் சில தெளிவையும் சில மயக்கத்தையும் தருகின்றன. இடர் என்னும் சொல்லுக்குத் தமிழில் துன்பம் என்பதே வழிவழிப் பொருள். நிதியியலில் அது விளைவுகளின் பரவலைக் குறிக்கிறது. எதிர்பார்த்ததற்கு மேல் கிடைத்தலும் அப்பரவலில் அடங்கும். திட்ட விலக்கம் இருபுறத்தையும் சமமாகவே அளக்கிறது. தமிழ்ச் சொல் இழப்பின் பக்கமே சாய்கிறது. இச்சாய்வைக் குறையெனத் தள்ள வேண்டியதில்லை. சேமிப்பவர் அஞ்சுவது ஏற்றத்தாழ்வை அன்று, முதலுக்கே மோசம் வருவதை. வழக்கிலுள்ள அத்தொடர், திட்ட விலக்கம் ஒன்றால் அளந்துவிட முடியாத ஒன்றைச் சுட்டுகிறது.

ஃபிராங்க் நைட் 1921இல் வெளியிட்ட நூலில், நிகழ்தகவைக் கணிக்கத்தக்க நிலையையும் கணிக்கவே இயலாத நிலையையும் வேறுபடுத்தினார். முன்னதை இடர் எனவும் பின்னதை உறுதியின்மை எனவும் தமிழில் வழங்கலாம். போதகர்களுள் ஆண்டுதோறும் எத்தனை பேர் இறப்பர் என்பது முன்னதைச் சாரும். ஓர் அரசு எந்நாளில் எத்தகைய அறிவிப்பை வெளியிடும் என்பது பின்னதைச் சாரும். பாடநூற் கணக்குகள் பெரும்பாலும் முன்னதைப் பற்றியவை. 1998, 2022 நெருக்கடிகள் பின்னதிலிருந்து எழுந்தவை.

10. முடிவுரை

நிதி, முதலீட்டியல் முதுநிலைக் கல்வி, காலத்தின் மதிப்பு, பரவலாக்கம், சந்தை விலை, ஒப்பந்த விலை, தரவுச் சோதனை என்னும் ஐந்து கருவிகளை மாணவர் கையில் தருகிறது. அவை ஒவ்வொன்றும் ஓர் எடுகோளோடு பிணைந்தது. வளர்ச்சி நிலைக்கும், ஒட்டுறவு மாறாது, விலையில் தகவல் அடங்கியுள்ளது, எந்நேரமும் விற்கலாம், கடந்தகாலம் எதிர்காலத்துக்குச் சான்று என்பன அவ்வெடுகோள்கள். கணினியும் மென்பொருளும் சூத்திரத்தை நொடியில் கணித்துத் தந்துவிடும். எடுகோள் பொருந்துமா என்னும் வினாவை எழுப்புவது கற்றவரின் கடமையாகவே எஞ்சுகிறது.

பட்டம் பெற்றபின் பலர் சிஎஃப்ஏ என்னும் தொழில்முறைத் தகுதியை நாடுகின்றனர். 1963இல் முதன்முறையாக நடத்தப்பட்ட அத்தேர்வு இன்று மூன்று நிலைகளைக் கொண்டது. அதன் ஒவ்வொரு நிலையிலும் தொழில் அறநெறி ஒரு பாடமாக உள்ளது. கணிதப் பாடங்களோடு அறம் சேர்ந்தே வருவதன் காரணம், இக்கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட நிலையிலேயே உள்ளது. போதகர்களின் கைம்பெண்கள் முதல் இன்றைய ஓய்வூதியர்வரை, கணக்கின் மறுபுறத்தில் இருப்போர் அக்கணக்கைச் சரிபார்க்க இயலாதவர்கள். அவர்கள் சார்பில் அதன் எடுகோள்களைச் சரிபார்ப்பதற்காகவே இக்கல்வி ஒருவரை ஆயத்தப்படுத்துகிறது.